எஸ்தோனிய உச்சரிப்பு: ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குச் சுலபமா?

கேள்வி, ஜனவரி 9

ஆகஸ்ட் கடைசியில் மேற்படிப்புக்காக எஸ்தோனியா போகிறேன். அங்கே ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்களாம், எழுதியதை அப்படியே படித்தால் போதுமாம். அப்படியென்றால் ஆங்கிலம் தெரிந்த யாருக்கும் உச்சரிப்பு ஒரு விஷயமே இல்லை, சொற்களின் அர்த்தத்தை மட்டும் படித்துக்கொண்டால் சரி என்று நினைக்கிறேன். சரிதானே அக்கா?

ஜனவரி 9, இரவு

இல்லை தம்பி. ஆங்கிலம் படித்துப் பழகிய கண்தான் அங்கே முதல் இடைஞ்சல்.

ஒரு வாக்கியம் தருகிறேன். எழுத்து எழுத்தாகப் பார்: எஸ்-இ-இ, ஓ-என், எம்-யு-எஸ்-டி, டி-ஓ-ஓ-எல். நான்கும் ஆங்கிலச் சொல்லாகவே தெரியும். வாய் தானாக "ஸீ ஆன் மஸ்ட் டூல்" என்று போய்விடும். எஸ்தோனியர் சொல்வது "ஸே ஒன் முஸ்த் தோல்". அர்த்தம்: இது கருப்பு நாற்காலி.

இன்னும் இருக்கிறது. பி-ஓ-ஓ-டி என்றால் "போத்", கடை. எல்-ஓ-ஓ-எம் என்றால் "லோம்", விலங்கு. எம்-ஐ-என்-இ என்றால் "மினெ", அதாவது "போ". விடைபெறும்போது சொல்லும் வார்த்தை எச்-இ-ஏ-டி என்று தொடங்கும். ஆங்கிலம் படித்தவர் எல்லாருக்கும் அது தலைதான், "ஹெட்". அதைப் பிரித்து "ஹெ-அத் அ-எ-க" என்று சொல்ல வேண்டும். இ-யும் ஏ-யும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும்.

ஜனவரி 10

முதலில் மனதில் வைக்க வேண்டியது இவ்வளவுதான். ஓர் உயிரெழுத்துக்கு ஒரே ஒலி. ஒற்றையாக எழுதினால் குறில், இரட்டையாக எழுதினால் நெடில். ஆங்கிலத்தில் இரட்டை ஓ வந்தால் "ஊ" ஆகும், இரட்டை இ வந்தால் "ஈ" ஆகும். அந்தக் கணக்கை விட்டுவிடு. இரட்டை ஓ என்பது நீண்ட "ஓ" மட்டுமே. "கோல்" என்றால் பள்ளிக்கூடம்.

ஜே என்ற எழுத்து எப்போதும் "ய". ரயில் நிலையம் ஜே-யில் தொடங்கும் சொல், "யாம்" என்று சொல்வார்கள். எஸ் எப்போதும் "ஸ", இரண்டு உயிருக்கு நடுவில் வந்தாலும் ஆங்கிலத்தைப் போல அதிர வைக்கக் கூடாது. அப்பா என்பது "இஸ", அம்மா "எம". ஆர் வந்தால் நாக்கு நன்றாக உருள வேண்டும். இது நமக்குச் சிரமமில்லை.

அழுத்தம் எப்போதும் முதல் அசையில்.

ஜனவரி 10, கொஞ்ச நேரம் கழித்து

மேலே "எப்போதும்" என்று எழுதியது தவறு. நீ முதலில் கற்கப்போகும் சொல்லே விதிவிலக்கு. நன்றி என்பதற்கு "ஐதேஹ்" என்பார்கள். அதில் அழுத்தம் இரண்டாவது அசையில் விழும். தோழி என்ற சொல்லும் அப்படித்தான், "ஸொ-ப்ரன்-ன". வெளியிலிருந்து வந்த சொற்கள் பலவும் தங்கள் பழைய அழுத்தத்தை வைத்திருக்கின்றன. மற்றபடி முதல் அசைதான்.

அழுத்தம் முதல் அசையில் என்பதற்காக மற்ற அசைகளை விழுங்கிவிடக் கூடாது. ஆங்கிலம் பேசுபவர்கள் அழுத்தம் இல்லாத உயிரை மங்கலாக்கிவிடுவார்கள். "பனானா" என்று அவர்கள் சொல்லும்போது முதல் "அ" எப்படிக் கரைகிறது என்று கவனி. எஸ்தோனிய மொழியில் கடைசி "அ"வும் முழு "அ"தான், கடைசி "எ"யும் முழு "எ"தான்.

ஜனவரி 14

வகுப்பில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. நான் படித்த மாலை வகுப்பில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்திலிருந்து வந்த ஒருவர் என் பக்கத்தில் உட்காருவார். "பலுன்" என்ற சொல்லை அவர் பலமுறை சொல்லியும் ஆசிரியைக்குத் திருப்தி இல்லை. தயவுசெய்து என்று அர்த்தம், கடையில் எதையாவது நீட்டும்போதும் அதையே சொல்வார்கள். ஆசிரியை நோட்டிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு காகிதத் துண்டைக் கிழித்து அவர் உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டார். அவர் "பலுன்" என்றதும் காகிதம் படபடவென்று பறந்தது. அப்புறம் என் வாய்க்கு முன்னால் பிடித்தார். காகிதம் அசையவே இல்லை.

ஆங்கிலத்தில் சொல் முதலில் வரும் ப, ட, க மூன்றுக்கும் ஒரு மூச்சுக்காற்று கூடவே வெளியே போகும். பேசுபவர்களுக்கே அது தெரியாது. எஸ்தோனிய மொழியில் அந்தக் காற்று கிடையாது, தமிழிலும் கிடையாது. அதனால் நாம் பாதி வழி ஏற்கெனவே நடந்துவிட்டோம். லீட்ஸ்காரர் இரண்டு வாரம் கண்ணாடி முன்னால் காகிதத்தை வைத்துப் பழகினார். பழகியபின் அவர் பேச்சே மாறிப்போனது.

டி என்ற எழுத்துக்கு நாக்கை மடக்கி "ட" சொல்ல வேண்டாம். பல்லுக்குப் பின்னால் நாக்கை வைத்துச் சொல்லும் நம்முடைய "த" அதற்கு அருகில் வருகிறது. அங்குள்ள ஒரு நகரத்தின் பெயரை நம் பத்திரிகைகள் "டார்ட்டு" என்று எழுதுகின்றன. அங்கே கேட்பது "தர்த்து", முதல் உயிர் குறில்.

ஜனவரி 21

உயிர் மொத்தம் ஒன்பது. ஐந்து நமக்குத் தெரிந்தவை. மீதி நான்கும் அகராதியில் வி-க்குப் பிறகு கடைசியில் வரும். ஆப்பிள் என்ற சொல்லை ஓ வரிசையில் தேடி, இல்லை என்று மூடிவைத்துவிடாதே. கடைசிப் பக்கங்களுக்குப் போ.

ஏ-யின் தலையில் இரண்டு புள்ளி: கிரிக்கெட் "பேட்" என்று சொல்லும்போது வருகிற உயிர். வாயை நன்றாகத் திற.

யு-வின் தலையில் இரண்டு புள்ளி: "ஈ" என்று சொல்லிக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் குவி. இது வராவிட்டால் நெருப்பு என்ற சொல்லும் சண்டை என்ற சொல்லும் ஒன்றாகிவிடும். புள்ளி இல்லாத "துலி" நெருப்பு, புள்ளி வைத்தது சண்டை.

ஓ-வின் தலையில் இரண்டு புள்ளி: "ஏ" சொல்லிக்கொண்டே உதட்டைக் குவி. இரவு என்பது இந்த எழுத்து இரண்டு மட்டும்தான், வேறு மெய்யே கிடையாது.

நான்காவதுக்குத் தனியாக எழுத வேண்டும்.

ஜனவரி 22

ஓ-வின் தலையில் ஓர் அலை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓட்டோ வில்ஹெல்ம் மாஸிங் என்பவர் இந்த எழுத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் இந்த ஒலிக்குத் தனி எழுத்து இல்லை. நாக்கு பின்னால் இருக்கும், உதடு குவியாது. ஆங்கிலத்தில் இப்படி ஓர் உயிர் கிடையாது. அதனால் ஆங்கிலம் பேசுபவர்கள் சாதாரண ஓ-வைப் போட்டுவிடுவார்கள்.

நமக்கு ஒரு வழி இருக்கிறது. "கூட்டு" என்று சொல்லிப் பார். முதல் "ஊ"வுக்கு உதடு குவிகிறது. கடைசி "உ"வுக்குக் குவிவதில்லை. அந்தக் குற்றியலுகரத்தைப் பிடித்துக்கொள், கொஞ்சம் நீட்டு, தாடையைச் சற்றே இறக்கு. அலை ஓ-வின் வாசலுக்கு வந்துவிட்டாய். பள்ளியில் மனப்பாடம் செய்த குற்றியலுகரம் இத்தனை ஆண்டு கழித்து பால்டிக் கரையில் எனக்கு உதவியது. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அலை போட்டால் காது, அலை இல்லாவிட்டால் கூடை. லீட்ஸ்காரருக்குக் காதுவலி வந்தபோது மருந்துக் கடைக்குத் துணையாகப் போயிருந்தேன். அவர் "கொர்வ் வலிக்கிறது" என்றார், அதாவது கூடை. மருந்துக் கடைப் பெண் காதைத் தொட்டுக் காட்டி, உதட்டை விரித்து, அந்தச் சொல்லை மெதுவாக இரண்டு முறை சொன்னார். அவரும் திரும்பச் சொன்னார். மருந்தும் கிடைத்தது, சொல்லும் கிடைத்தது. அங்குள்ளவர்கள் பெரும்பாலும் இப்படித்தான், சொல்லித் தருவார்கள்.

ஸாரெமா தீவுக்காரர்கள் அலை ஓ-வுக்குப் பதில் புள்ளி ஓ-வைச் சொல்வார்கள். அவர்கள் ஊரை அதை வைத்தே கண்டுபிடிப்பார்கள். உனக்கு அலை ஓ வரவே இல்லையென்றால் புள்ளி ஓ சொன்னாலும் புரியும். ஆனால் அதோடு நின்றுவிடாதே.

பிப்ரவரி 2

இப்போதுதான் மெய்யான விஷயத்துக்கு வருகிறேன். நீளம்.

தமிழில் குறில், நெடில் இரண்டு. எஸ்தோனிய மொழியில் மூன்று நீளம். அதை "வெல்தெ" என்கிறார்கள், முதல் வெல்தெ, இரண்டாம் வெல்தெ, மூன்றாம் வெல்தெ. உயிருக்கும் உண்டு, மெய்க்கும் உண்டு.

நடுவில் ஒரு b எழுத்து போட்ட "கபி" என்றால் குளம்பு. அந்த b-க்குப் பதில் ஒற்றை p வந்தால் "கப்பி", அலமாரியினுடைய. அந்த p இரட்டையாக வந்தால் "கப்ப்பி", அலமாரிக்குள். ஆக b, d, g மூன்றும் அங்கே குறுகிய வல்லினம். ஆங்கிலம் போலத் தொண்டையை அதிரவைத்துச் சொல்வதில்லை. நமக்கும் ஓர் எச்சரிக்கை: நூறு என்பது "ஸத". இதில் வரும் "த"வை "அது" என்பதில் கரைப்பது போலக் கரைக்காதே. குறுகியதாக, ஆனால் தெளிவாகத் தட்டு.

மூன்றாவது நீளத்தை எப்படி நினைவு வைப்பது? நான் அளபெடையை வைத்துக்கொண்டேன். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, அளபெடைக்கு மூன்று. மூன்றும் மூன்றும் பொருந்திவிட்டன.

பிப்ரவரி 4

இப்படி மாத்திரைக் கணக்குப் போட்டுக்கொண்டுதான் நானும் முதல் குளிர்காலத்தில் பேசிக்கொண்டிருந்தேன். அப்போது மாடிப்படியில் கீழ்வீட்டுப் பாட்டியைப் பார்த்தேன். கையில் பனி தள்ளும் மண்வாரியோடு நின்றுகொண்டிருந்தார். எங்கே கிளம்பினாய் என்று கேட்டார். டவுனுக்குப் போகிறேன் என்று சொல்ல "ம லெஹென் லின்ன" என்றேன்.

பாட்டி பேசாமல் என் முகத்தையே பார்த்தார். நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிற முகம். நானும் காத்திருந்தேன். பிறகு அவருக்குப் புரிந்து, "ஆஹா, லின்ன்ன!" என்றார்.

வகுப்பில் ஆசிரியையிடம் சொன்னபோது காரணம் கிடைத்தது. "லின" என்றால் லினன் துணி. "லின்ன" இரண்டாம் நீளத்தில் சொன்னால் "நகரத்தினுடைய". மூன்றாம் நீளத்தில் சொன்னால் "நகரத்துக்குள்". கடைசி இரண்டுக்கும் எழுத்து ஒன்றே, ஒரு புள்ளிகூட மாறாது. நான் பாட்டியிடம் "நான் நகரத்தினுடைய போகிறேன்" என்று சொல்லி நிறுத்தியிருக்கிறேன். நகரத்தினுடைய எது என்று அவர் காத்திருந்தார்.

இதைச் சொன்ன பிறகு ஜனவரியில் நீ எழுதிய "எழுதியதை அப்படியே படித்தால் போதும்" என்பதற்கு என்ன பதில் என்று உனக்கே தெரிந்திருக்கும்.

"கோலி"யும் அப்படித்தான்: ஒரு நீளத்தில் பள்ளியினுடைய, இன்னொரு நீளத்தில் பள்ளிக்குள். "ஸாத" என்பது ஒரு நீளத்தில் "அனுப்பு", இன்னொரு நீளத்தில் "பெறுவது". ஒரு காலத்தில் "நகரத்துக்குள்" என்ற சொல்லின் முடிவில் இன்னும் சில ஒலிகள் இருந்தன. அவை தேய்ந்து விழுந்ததும், அவற்றின் நேரம் முன்னால் இருந்த அசையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பிப்ரவரி 5

நேற்று படுத்த பிறகும் அளபெடை உவமை மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டாம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும்.

மூன்றாம் நீளம் என்பது வெறுமனே மூன்று மடங்கு இழுப்பு இல்லை. அப்படி நினைத்து இழுத்ததால்தான் நான் பல மாதம் தவறாகச் சொன்னேன். எவ்வளவு இழுத்தாலும் அவர்களுக்கு அது மூன்றாம் நீளமாகக் கேட்கவில்லை. காரணத்தை இல்ஸெ லெஹிஸ்தெ என்ற ஒலியியல் அறிஞர் அளந்து சொன்னார். 1922-இல் தல்லின் நகரத்தில் பிறந்து, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 2010-இல் மறைந்தவர். அவர் காட்டியது இதுதான்: நீளம் ஓர் எழுத்துக்குள் அடங்கவில்லை, முதல் அசைக்கும் இரண்டாம் அசைக்கும் உள்ள விகிதத்தில் இருக்கிறது.

முதல் நீளத்தில் அந்த விகிதம் ஏறக்குறைய 2-க்கு 3. இரண்டாம் நீளத்தில் 3-க்கு 2. மூன்றாம் நீளத்தில் 2-க்கு 1.

இதை வாயால் சொல்லிப் பார். "லின" சொல்லும்போது "லி" சின்னது, "ன" அதைவிடச் சற்று நீண்டது. ஆங்கிலம் பேசுபவர்கள் நேர் எதிராகச் செய்வார்கள், முதல் அசையை அழுத்தி நீட்டி இரண்டாவதை நசுக்குவார்கள். மூன்றாம் நீளத்தில் முதல் அசை பெரிது, இரண்டாவது சட்டென்று முடிந்துவிடும். குரலின் ஏற்ற இறக்கமும் சேரும். மூன்றாம் நீளத்தில் குரல் முதல் அசைக்குள்ளேயே சீக்கிரம் இறங்கிவிடும். கல்லைக் கையிலிருந்து நழுவவிடுவது போல. இரண்டாம் நீளத்தில் முதல் அசை முடிகிற வரைக்கும் குரல் மேலேயே நிற்கும்.

இது தெரிந்த பிறகு நான் இழுப்பதை நிறுத்தினேன். குரலை இறக்கி, கடைசி அசையைச் சுருக்கினேன். அந்த வாரமே பாட்டியிடம் "லின்ன" என்று சொல்லி, காத்திருக்காமல் படியிறங்கிப் போக முடிந்தது.

பிப்ரவரி 11

இத்தனை நுணுக்கம் வேண்டுமா, பேச்சின் போக்கிலேயே புரிந்துகொள்ள மாட்டார்களா என்று கேட்டிருக்கிறாய். பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். ஆனால் நீ பேசுவதில் நீளம் இல்லையென்றால், கேட்பதிலும் உனக்கு நீளம் விழாது. அவர்கள் பேசும்போது "உடையதா, உள்ளேயா" என்று தடுமாறுவது நீதான். அதற்காகத்தான் சொல்கிறேன்.

பிப்ரவரி 24

இன்று அங்கே குடியரசு நாள், 1918-இல் சுதந்திரம் அறிவித்த நாள். மாலையில் குடியரசுத் தலைவரின் உரை தொலைக்காட்சியில் வரும். நிதானமான, தெளிவான பேச்சு. அர்த்தம் புரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொரு சொல்லின் முதல் அசையில் மேசையை விரலால் தட்டிக்கொண்டே கேள். அரை மணி நேரத்தில் அந்த மொழியின் நடை உடம்பில் ஏறும்.

தலைநகரின் பெயரையும் இன்றே சரிசெய்துகொள். "டாலின்" என்று எழுதிப் பழகிவிட்டோம். முதல் உயிர் குறில், அதற்குப் பிறகு இரட்டை எல், முடிவில் இரட்டை என். "தல்லின்ன்". நடுவில் உள்ள ல்-லில் ஒரு மெல்லிய இகரச் சாயல் இருக்கிறது. அதைப் பற்றி அடுத்து எழுதுகிறேன்.

மார்ச் 3

அந்த இகரச் சாயலுக்கு அங்கே பெயர் "பேனெந்துஸ்", மெலிதாக்குவது. ல், ன், ஸ், த் போன்ற மெய்களில் வரும். நாக்கின் நடுப்பகுதி அண்ணத்தை நோக்கி லேசாக எழும். மெய்யெழுத்துக்கு முன்னால் ஒரு குட்டி "ய்" ஓடி மறைவது போலக் கேட்கும். எழுத்தில் இதற்கும் அடையாளம் இல்லை.

"பல்க்" என்று சாதாரணமாகச் சொன்னால் சம்பளம். ல்-லை மெலிதாக்கிச் சொன்னால் மரக்கட்டை. "தல்" கூட அப்படி: சாதாரண ல் என்றால் ஆட்டுக்குட்டி, மெலிதான ல் என்றால் குதிரை லாயம். பை என்ற சொல்லின் கடைசி த்-த்திலும் இந்த மெலிவு உண்டு.

மூன்றாம் நீளத்தைப் போல இதற்காக அலட்டிக்கொள்ள வேண்டாம். இது வராவிட்டாலும் வேலை நடக்கும். காதில் பட்டால் போதும், வாய் பின்னால் வரும்.

எஸ்தோனிய மொழி நிறுவனத்தின் அகராதிகளில் மூன்றாம் நீளத்துக்குச் சாய்ந்த சிறு கோடு போட்டிருப்பார்கள், மெலிந்த மெய்யின் பக்கத்திலும் ஒரு குறி இருக்கும். "ஸொனவேப்" என்ற அவர்களின் இணைய அகராதியில் பல சொற்களுக்கு ஒலியும் உண்டு. புதுச் சொல்லை எழுத்தாக மனப்பாடம் செய்வதற்கு முன்னால் அங்கே கேட்டுவிடு. கண்ணுக்குப் பிறகு காது என்ற வரிசையில் படித்ததைத் திருத்த எனக்கு ஒரு வருடம் ஆனது.

மார்ச் 14

இன்று அங்கே தாய்மொழி நாள். கவிஞர் கிறிஸ்த்யன் யாக் பேட்டர்ஸன் பிறந்த நாள், 1801. மேல்தட்டினர் ஜெர்மன் பேசிய காலத்தில் எஸ்தோனிய மொழியில் கவிதை எழுதி, 1822-இல் இருபத்தொரு வயதில் இறந்துபோனவர். தர்த்துவில் தோமெ குன்றின் மேல் அவருக்குச் சிலை இருக்கிறது. போனால் பார்த்துவிட்டு வா.

மொழி என்பதற்கும் நாக்கு என்பதற்கும் அங்கே ஒரே சொல்தான், "கேல்".

நாளுக்கு ஏற்றது போல ஒன்று சொல்கிறேன். பனிக்கட்டி என்ற சொல்லின் கடைசியில் புள்ளி வைத்த ஏ இரண்டு. விளிம்பு என்ற சொல்லின் முதலில் அதே எழுத்து இரண்டு. சேர்த்து எழுதினால் பனிக்கட்டியின் விளிம்பு, ஒரே எழுத்து நான்கு முறை வரிசையாக நிற்கும். பார்த்தால் மிரட்டும். சொல்வது சுலபம்: ஒரு நெடில், குரலைச் சற்று விட்டு, இன்னொரு நெடில், ர். "யேஏ-ஏஏர்". நான்கையும் ஒரே மூச்சில் இழுத்தால் விளிம்பு காணாமல் போகும்.

மார்ச் 20

நீ அனுப்பிய ஒலிப்பதிவை மூன்று முறை கேட்டேன். "பலுன்" சுத்தமாக இருக்கிறது. காதும் கூடையும் தனித்தனியாகக் கேட்கின்றன. "ஹெ-அத் அ-எ-க" நன்றாக வந்திருக்கிறது.

"லின" சரி. இரண்டாவது "லின்ன"வும் சரி. மூன்றாவதில் "ன்ன்"னை நன்றாக நீட்டிவிட்டு, கடைசி "அ"வையும் நீட்டியிருக்கிறாய். அது திரும்பவும் இரண்டாவதாகிவிட்டது. முதல் அசையிலேயே குரலை இறக்கு, கடைசி "அ"வைத் தொட்டதும் விடு. மூன்றையும் தனித்தனியாகச் சொல்லாமல் "நகரத்தினுடைய தெரு, நகரத்துக்குள் போகிறேன்" என்று வாக்கியத்தில் வைத்துப் பத்து முறை பதிவு செய்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை கேட்கிறேன்.